நீர்க்கட்டி தூங்கிய மூன்று மணி நேரம்

பிப்ரவரியில் வாய்க்கால் கூட்டம் கூடும்போதெல்லாம் ஓர்லிந்தா தஃபோயா எழுந்து நின்று ஒரே வார்த்தையைத்தான் சொல்வாள். இந்த வருஷத்தோடு சரி, இனிமேல் வேறு யாராவது பார்த்துக்கொள்ளுங்கள். உடனே அங்கே உட்கார்ந்திருக்கும் இருபத்து மூன்று குடும்பத்துக்காரர்களும் தங்கள் பூட்ஸில் என்ன ஒட்டியிருக்கிறது என்று குனிந்து பார்க்க ஆரம்பிப்பார்கள். ஒருத்தருக்கு முதுகுவலி, ஒருத்தர் நகரத்தில் வேலைக்குப் போகிறவர், ஒருத்திக்குப் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முதுகுவலியும் வேலையும் பேரப்பிள்ளையும் ஓர்லிந்தாவுக்கும் உண்டு. அதை யார் கேட்கிறார்கள்? அரை மணி நேரம் இப்படியே போகும். பிறகு யாராவது எழுந்து எல்லாருக்கும் காபி ஊற்றுவார்கள். தலைவர் நோட்டில் பழைய பெயரையே மறுபடியும் எழுதிவிடுவார். இப்படியே பதினொரு வருஷம் ஓடிவிட்டது.

லா ஹோயா ஊரில் அந்த வேலைக்கு மயோர்தோமோ என்று பெயர். நீர்க்கட்டி என்று நாம் சொல்வதும் அதைத்தான். ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்கால் நாலு மைல் ஓடுகிறது, வழியில் இருபத்து மூன்று மதகுகள். யாருக்கு எந்தக் கிழமை, எத்தனை மணிக்குத் தண்ணீர் என்று முறை வைப்பது அவள். வளையெலி கரையைக் குடைந்தால் அடைப்பது அவள். பருத்திமரக் கிளை விழுந்து அடைத்துக்கொண்டால் இழுத்துப் போடுவதும், மார்ச் மாதக் குடிமராமத்துக்கு மண்வெட்டியோடு வராதவன் வீட்டு வாசலில் போய் நிற்பதும் அவள்தான். போன வருஷம் நகரத்திலிருந்து புதிதாகக் குடிவந்த ஒரு அம்மாள், பார்க்க அழகாக இருக்கும் என்று வாய்க்காலில் வாத்து விட்டாள். அந்த வாத்துகளைப் பிடித்துத் தந்ததும் இவள்தான். வாய்க்கால் அவளுடையது இல்லை, தண்ணீரும் அவளுடையது இல்லை. ஆனாலும் தண்ணீர் வந்தால் மலையில் பெய்த பனிக்குப் புகழ், வராவிட்டால் ஓர்லிந்தாவுக்குத் திட்டு.

வயது அறுபத்தொன்று. காலை நாலரைக்கு எழுந்து, பழைய பிக்கப் வண்டியில் மண்வெட்டியைப் போட்டுக்கொண்டு கரையை ஒரு நடை பார்த்துவிட்டு வருவாள். ஆறு மணிக்கு முதியோர் சாப்பாட்டுக்கூடத்தில் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும். நாற்பது பேருக்குப் பீன்ஸும் பச்சைமிளகாய்க் குழம்பும் சமைத்து, பாத்திரம் கழுவிக் கவிழ்க்க மணி ஒன்றாகிவிடும். பிறகு மறுபடியும் வாய்க்கால். இரண்டு முழங்காலும் ஏறும்போது ஒரு சத்தம், இறங்கும்போது ஒரு சத்தம் போடும். வீட்டுக்கு வந்து நாற்காலியில் விழுந்தால் பூட்ஸைக் கழற்றிவிடுவது புருஷன் பெலார்மினோவின் வேலை. கழற்றிக்கொண்டே புலம்புவதும் அவர் வேலைதான்.

அவர் புலம்பலில் நியாயம் இல்லாமல் இல்லை. நீர்க்கட்டியின் வயல் மற்ற வயலைவிட ஒரு பிடி பச்சையாக இருந்தாலும் ஊர் வாய் சும்மா இருக்காது. அதனால் ஓர்லிந்தா தன் முறையில் கால் மணி நேரம் முன்னதாகவே மடையை அடைத்துவிடுவாள். பெலார்மினோவின் குதிரைமசால் எந்த வருஷமும் முட்டிக்கு மேல் வளர்ந்ததில்லை. மாடு ஆறு, தீவனம் மூன்றுக்குத்தான் காணும். தண்ணிக்காரியக் கட்டிக்கிட்டவன் காட்டுலதான் தண்ணி கிடையாது என்று அவர் சிரித்துக்கொண்டே ஊரெல்லாம் சொல்வார். அந்தச் சிரிப்பு உண்மைச் சிரிப்பு இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

இந்த வருஷம் மலையில் பனியே சரியாக விழவில்லை. மே மாதம் உழவர்களின் புனிதரான சான் இசித்ரோவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு கரையோரம் பவனி போனபோதே வாய்க்காலில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். ஜூலை பிறந்ததும் ஆற்றை மேல்பக்கத்து ஊரான மேலூரோடு பங்கு போட்டுக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. திங்கள் காலை ஐந்து மணியிலிருந்து வியாழன் சாயங்காலம் ஆறு மணி வரை லா ஹோயாவுக்கு. மணி ஆறு அடித்ததும் மேலூர்க்காரன் தன் பக்கம் திருப்பிவிடுவான். ஒரு நிமிஷம் தாமதிக்க மாட்டான். நாமும் தாமதிக்க மாட்டோம்.

பங்கு வந்தால் திருட்டும் வரும். ஜூலை முதல் வாரத்தில் அவள் பெரியப்பா மகன் ப்ரொகோப்பியோ, முறை இல்லாத நேரத்தில் ஒரு மணி நேரம் மதகைத் திறந்து வைத்திருந்தார். கேட்டால் எலி வளை உடைத்துக்கொண்டது என்றார். வாய்க்கால் கரையில் நடக்கும் எல்லாப் பாவத்துக்கும் எங்கள் ஊரில் எலிதான் பொறுப்பு. ஆனால் அந்த எலி பூட்ஸ் போட்டு நடந்த தடம் ஈரமண்ணில் அப்படியே இருந்தது. ஓர்லிந்தா வண்டியிலிருந்து சங்கிலியை எடுத்து அவர் மதகில் சுற்றிப் பூட்டுப் போட்டாள். ஊர் வழக்கப்படி பத்து நாள். அதில் அவருக்கு ஒரு திங்கட்கிழமை முறை போயே போயிற்று. அன்றிலிருந்து கோவில் பூசையில் எல்லாரும் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கை கொடுக்கும் நேரத்தில் ப்ரொகோப்பியோ வேண்டுமென்றே அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். கூடப் பிறக்காத குறையாக வளர்ந்தவர்கள். அவளுக்கு அது நெஞ்சில் முள்ளாகத்தான் இருந்தது.

வாய்க்காலின் கடைமடையில் இரண்டே மதகுகள். முதலாவது ஓர்லிந்தாவுடையது, அதற்கும் கீழே கடைசியாக அதெலைதோ ஒல்கீன் என்பவருடையது. எழுபத்து நாலு வயது, மனைவி இல்லை, பிள்ளைகள் தூரத்தில். இரண்டு வருஷமாகச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. செவ்வாய், வியாழன், சனி பத்து மணிக்கு ஒரு வேன் வந்து அவரை நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும். நாலு மணி நேரம் மெஷினோடு கிடந்துவிட்டு, வெளுத்துப்போய் ஆறரைக்கு வீடு திரும்புவார். அவருக்கு மிச்சமிருப்பது அரை ஏக்கர் மிளகாய். அடுத்த வருஷம் போடுவேனோ மாட்டேனோ, இந்த வருஷம் போட்டுவிட்டேன் என்று ஏப்ரலில் நாற்று நடும்போது சொன்னார். அவர் முறை வியாழன் மூன்றிலிருந்து ஆறு. அந்த நேரத்தில் அவர் ஊரில் இருப்பதே இல்லை. ஒன்றரை மணிக்கு ஓர்லிந்தா தன் முறையைத் திறப்பாள், இரண்டே முக்காலுக்கே தன் மடையை அடைத்து அவருடையதைத் திறந்துவிடுவாள். வரப்போரம் நின்று பார்க்க ஆள் இல்லாத தண்ணீர் அது.

ஜூலை மூன்றாவது வியாழக்கிழமை, வெயில் மண்டையைப் பிளந்தது. மிளகாய்ச் செடியில் பூ நிறைந்திருந்த நேரம். இப்போது தண்ணீர் காட்டாவிட்டால் பூ அப்படியே உதிர்ந்துவிடும், காய் பிடிக்காது. அது ஓர்லிந்தாவுக்குத் தெரியாததா? அன்று காலை கரை ஒரு இடத்தில் உண்மையாகவே எலியால் உடைந்து, இரண்டு மணி நேரம் இடுப்பளவு சேற்றில் நின்று அடைத்திருந்தாள். அதற்கப்புறம் நாற்பது பேருக்குச் சமையல். ஒன்றரைக்குத் தன் மதகைத் திறந்துவிட்டு, வண்டியைப் பருத்திமர நிழலில் நிறுத்திக் கதவைத் திறந்து போட்டாள். பூட்ஸில் தண்ணீர் ஏறியிருந்தது, கழற்றினாள். ஐந்து நிமிஷம் கண்ணை மூடலாம் என்று நினைத்தாள்.

விழித்தபோது வெயில் மரத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. கழுத்து இழுத்துப் பிடித்திருந்தது. கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு பத்து. முதலில் அது புரியவே இல்லை. வெறுங்காலோடு ஓடிப்போய்ப் பார்த்தால் வாய்க்கால் ஏற்கெனவே இறங்கி, கூழாங்கல் தெரிய ஆரம்பித்திருந்தது. மேலூர்க்காரன் சரியாகத் திருப்பிவிட்டிருந்தான். அவள் வயலில் குதிரைமசால் தண்ணீரில் மினுமினுத்துக்கொண்டு நின்றது, பதினொரு வருஷத்தில் அப்படி ஒரு பச்சையை அவள் பார்த்ததில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் அதெலைதோவின் மிளகாய், மண் வெடித்து, இலை சுருண்டு கிடந்தது. இனி திங்கட்கிழமை வரை ஊருக்கே சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஓர்லிந்தா அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது பெலார்மினோ அவள் பூட்ஸைத் துடைத்து வெளியில் வைத்தார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல், “எலி உடைச்சிருச்சுன்னு சொல்லு. காலையில நெசமாவே உடைச்சதுதானே. யாரு பாத்தா?” என்றார்.

“பூட்ஸ் போட்ட எலியா?” என்றாள் ஓர்லிந்தா.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. பதினொரு வருஷம் ஊருக்கு உழைத்தவள் ஒருநாள் அசந்து தூங்கினாள், அதற்கு இப்படி உயிரை விட வேண்டுமா, திருடினாயா, தூங்கினாய், அவ்வளவுதானே என்று கத்தினார். அவளுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொள்ள ஆசையாக இருந்தது. ஆனால் ப்ரொகோப்பியோவின் மதகில் பூட்டுப் போட்ட கை இந்தக் கைதான். அவர் சொன்ன காரணத்தை மட்டும் அவள் ஏற்றுக்கொண்டாளா?

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாமலும் அவள் போனபோது அதெலைதோ வயலுக்குள்தான் நின்றுகொண்டிருந்தார். ஊசி குத்திய கையில் வெள்ளைக் கட்டு. சட்டைப்பையில் எதையோ பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். கிட்டப் போனதும்தான் தெரிந்தது, உதிர்ந்த பூ. அவளைப் பார்த்ததும் அவரே, “என்ன தாயி, ஆத்துலயே தண்ணி வரலையா?” என்றார்.

கேட்ட தொனியில் குற்றமே இல்லை. ஆமாம் அண்ணே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவரே ஆற்றைத் திட்டிவிட்டு உள்ளே போயிருப்பார். ஓர்லிந்தாவுக்கு அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவ்வளவு களைப்பு.

“வந்துச்சு அண்ணே,” என்றாள். “என் காட்டுல நின்னுச்சு. நான் வண்டியில தூங்கிட்டேன். எழுந்திரிச்சப்ப மணி ஆறு தாண்டிருச்சு.”

அதெலைதோ வேலியைத் தாண்டி அவள் வயலைப் பார்த்தார். அந்தப் பச்சையை நன்றாகப் பார்த்தார். பிறகு, தூக்கம் நல்லா வந்துச்சா என்று கேட்டார். அது குத்தலா, விசாரிப்பா என்று அவளுக்கு விளங்கவில்லை. அந்த மெஷின் பக்கத்தில் நாலு மணி நேரம் கிடக்கிறேன், எனக்கு ஒரு பொட்டுத் தூக்கம் வரமாட்டேன் என்கிறது என்று மட்டும் சொன்னார். பூவைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது அவளுக்கு. அங்கிருந்து நேராகத் தன் மதகுக்குப் போனாள். ப்ரொகோப்பியோவின் மதகில் கிடந்த அதே சங்கிலியைத் தன் மதகில் சுற்றிப் பூட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வாய்க்கால்காரர்கள் எல்லாரும் கோவில் மதில் நிழலில் கூடுவது வழக்கம். ஓர்லிந்தா நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொன்னாள். எதையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. தன் மதகைப் பத்து நாளைக்குப் பூட்டிவிட்டதாகச் சொன்னாள். அதெலைதோவின் செடியில் இன்னும் பாதிப் பூ நிற்கிறது, திங்கட்கிழமைத் தண்ணீரில் யாராவது விட்டுக்கொடுத்தால் பிழைக்கும் என்றாள். கடைசியில் சட்டைப்பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து மதில் மேல் வைத்தாள். தூங்குகிறவளிடம் தண்ணீரைக் கொடுக்கக் கூடாது, வேறு ஆளைப் போடுங்கள் என்றாள். உண்மையைச் சொன்னால், அந்த ஒரு நொடியில் அவளுக்கு வெட்கத்தைவிட நிம்மதிதான் அதிகமாக இருந்தது. நாளைக்கு ஐந்து மணி வரை, ஏன், ஆறு மணி வரைகூடத் தூங்கலாம்.

 சாவிக்கொத்து வெயிலில் கிடந்தது. இருபத்து மூன்று குடும்பமும் பூட்ஸைப் பார்க்க ஆரம்பித்தது.

திங்கட்கிழமை முதல் முறை ப்ரொகோப்பியோவுடையது. எல்லாரும் மெல்ல அவர் பக்கம் திரும்பினார்கள். அவர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். அவருக்குக் கிடைத்த நாள் அல்லவா, அவசரப்படவில்லை.

“எனக்கு ஒரு மணி நேரத்துக்குப் பத்து நாளு,” என்றார். “தங்கச்சிக்கு மூணு மணி நேரத்துக்கும் பத்து நாளுதானா? எந்த ஊருக் கணக்கு இது?”

யாரோ சிரித்தார்கள். முப்பது நாள் போடுங்கள் என்றாள் ஓர்லிந்தா. பின்னால் நின்ற பெலார்மினோ தலையில் கையை வைத்துக்கொண்டார்.

“வேணாம்,” என்றார் ப்ரொகோப்பியோ. “வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து அந்தப் பூட்ட இழுத்துப் பாத்தேன். சும்மா மாட்டி வச்சிருப்பியோன்னு நெனச்சேன். நல்லாத்தான் பூட்டியிருக்கே.” பிறகு அதெலைதோவைப் பார்த்து, நாளைக்குக் காலையில் என் மூன்று மணி நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஆனால் மதகு திறக்க நான் வரமாட்டேன், எனக்கு வேலை இருக்கிறது, அது நீர்க்கட்டி வேலை என்று கூடவே சேர்த்துக்கொண்டார்.

தலைவர் தொண்டையைச் செருமினார். நீர்க்கட்டி வேலைக்கு யார் வருகிறீர்கள் என்று கேட்டார். காக்கை கத்தியது. சரி, ஓர்லிந்தாவே இருக்கட்டும் என்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார்.

முதலில் உயர்ந்த கை வெள்ளைக் கட்டுப் போட்ட கை.

ஓர்லிந்தாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. “உங்க மொளகாதானே அண்ணே காஞ்சுது. நீங்களாவது என்ன விட்டுறக் கூடாதா?”

அதெலைதோ கையை இறக்கவில்லை. தூக்கி வைத்திருப்பதே அவருக்குச் சிரமமாக இருந்தது, மறு கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டார்.

“செவ்வா, வியாழன், சனி நான் ஊர்ல இல்ல தாயி,” என்றார். “நான் இல்லாதப்ப என்ன நடந்துச்சுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? நீ வந்து சொன்னாத்தான் தெரியும். வேற எவன் வந்து சொல்லுவான்? உன்ன விட்டுட்டு நான் எங்க போக?”

அதற்கப்புறம் ஒவ்வொரு கையாக உயர்ந்தது. ப்ரொகோப்பியோவின் கை கடைசிக்கு முந்தினது. ஆகக் கடைசியாக, முணுமுணுத்துக்கொண்டே, பெலார்மினோவின் கை. சாவிக்கொத்தை யாரும் எடுத்துத் தரவில்லை. அவளே எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இரும்பு நன்றாகச் சுட்டது.

திங்கள் காலை நாலரைக்கு எழுந்தாள். பெலார்மினோவும் எழுந்து பூட்ஸை மாட்டிக்கொண்டு நின்றது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரு மடக்கு நாற்காலியை வண்டியில் ஏற்றினார். எனக்கு எதற்கு நாற்காலி, உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன் என்றாள். “ஒனக்கு இல்ல. எனக்கு. நீ தூங்குனா எழுப்ப ஒரு ஆளு வேணும்ல,” என்றார்.

ஐந்து மணிக்கு ஆற்றிலிருந்து தண்ணீர் கிளம்பியது. பூட்டிக் கிடந்த தன் மதகை அது தாண்டிப் போவதை ஓர்லிந்தா பார்த்துக்கொண்டு நின்றாள். குதிரைமசாலுக்கு இந்த வாரம் தண்ணீர் கிடையாது. அடுத்த அறுவடைக்குள் ஒரு மாட்டையாவது விற்க வேண்டிவரும், அதை இரண்டு பேருமே பேசவில்லை. அன்றைக்குச் சமையல் கூடத்துக்கு எட்டரைக்குத்தான் வருவேன் என்று சொல்லி வைத்திருந்தாள், அதற்கும் ஒரு திட்டு காத்திருந்தது. அதெலைதோவின் மடையைத் திறந்தாள். வெடித்த மண் முதல் பாத்தியிலேயே முக்கால்வாசித் தண்ணீரைக் குடித்துவிட்டது. இரண்டாவது பாத்திக்கு வருவதற்கே அரை மணி நேரம் பிடித்தது.

மடக்கு நாற்காலியில் உட்கார்ந்த பெலார்மினோ பத்தே நிமிஷத்தில் குறட்டை விட ஆரம்பித்தார். ஓர்லிந்தா அவரை எழுப்பவில்லை. மண்வெட்டிக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முழங்கால் இரண்டும் விண்ணென்று தெறிக்க, கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் போய்ச் சேரும் வரை நின்றுகொண்டே இருந்தாள்.